வன்னியில் இருந்து கனடா போகிறவர்களுக்கு: வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் பற்றி

இதைக் கிளிநொச்சியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். அக்காவின் மகன் தை மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போகிறான். ஜாக்கெட், சப்பாத்து, கையுறை எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு நேற்றிரவு கேட்டான்: "மாமா, அங்க வீட்டுக்குள்ள சூடு எப்பிடி வருது? அடுப்பு மூட்டுறதே?" அவனுக்குச் சொன்னதைத் தர்மபுரம், விசுவமடு, மல்லாவி, முழங்காவில் என்று இங்கிருந்து வெளிக்கிடும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அவன் கேட்டது சரிதான், அது அடுப்புத்தான். ரொறன்ரோப் பக்கத்துத் தனி வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டின் அடியில் நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், ஒரு பெரிய தகரப் பெட்டி நிற்கும். அதைப் பேர்னஸ் என்பார்கள். உள்ளே இயற்கை எரிவாயு எரியும். அந்த நெருப்பு ஒரு இரும்பு அறையைச் சூடாக்கும். அதன் வெளிப்புறத்தில் காற்றாடி வீட்டுக் காற்றை ஊதி, தகரக் குழாய்களால் ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும். எரிந்த புகை வேறு குழாயால் வெளியே போகும். உயர்ந்த மாடிக் கட்டிடங்களில் பெரும்பாலும் இந்த வேலை எல்லாம் கட்டிடக்காரருடையது. குளிர்ந்தால் கட்டிடப் பொறுப்பாளருக்குச் சொன்னால் போதும்.

நம்முடைய குசினியில் விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும். ஆனால் புகை ஓட்டு இடுக்காலும் கதவாலும் போய்விடும். அங்கே குளிர் புகாதபடி வீட்டை இறுக்கி அடைத்திருப்பார்கள். காஸ் சரியாக எரியாவிட்டால் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணும் எரியாது. அதனால் சூடு வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னர், புகை வெளியே போகிறதா என்று பார்க்கப் பழகுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும் என்பது நகரசபைச் சட்டம். 21 பாகை என்பது நமக்குக் கிளிநொச்சியின் மார்கழி விடியற்காலைக் குளிர். எனவே தேர்மோஸ்டற்றில் (சூட்டின் அளவை வைக்கிற சுவர்ப் பெட்டி) 21 என்று காட்டியும் உடம்பு நடுங்கினால் பேர்னஸ் பழுது என்று நினைக்காதீர்கள். காலுறையும் ஸ்வெற்றரும் போடுங்கள், சில கிழமைகளில் பழகிவிடும். 30 க்குத் திருகி விட்டால் வீடு வேகமாகச் சூடாகாது. கூடுதல் நேரம் ஓடி, பில்தான் ஏறும்.

சரி, உண்மையிலேயே சூடு வரவில்லை. ஆளைக் கூப்பிட முன்னர் நீங்களே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. தேர்மோஸ்டற் 'ஹீற்' என்பதில் இருக்கிறதா? திரை வெறுமையாக இருந்தால் பற்றரியை மாற்றுங்கள். காற்றாடி 'ஓன்' என்பதில் இருந்தால் நெருப்பு எரியாத நேரத்திலும் குளிர்காற்று ஊதும், 'ஓட்டோ'வில் விடுங்கள். பிறேக்கர் (மின்சாரத்தின் ட்ரிப் சுவிச்சு) விழுந்திருக்கிறதா, பேர்னஸின் முன் தகரம் இறுகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தகரம் கொஞ்சம் விலகியிருந்தாலும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுவிச்சு இயந்திரத்தை ஓட விடாது.

அடுத்தது சுவர்ச் சுவிச்சு. பேர்னஸுக்குப் பக்கத்திலோ பேஸ்மென்ட் படியிலோ, லைற் சுவிச்சுப் போலவே ஒன்று இருக்கும். கனடாவில் என் முதல் விண்டரில், பேஸ்மென்ட்டில் அரிசி மூட்டை எடுக்கப் போன ஒருவர் லைற் என்று நினைத்து அதை அணைத்துவிட்டு வந்துவிட்டார். இரவு முழுக்கப் பிள்ளைகளை ஒரே போர்வைக்குள் வைத்துக்கொண்டு இருந்தோம். விடிய வந்த திருத்துநர் அந்தச் சுவிச்சைப் போட்டார், பேர்னஸ் ஓடியது, வந்து போன கூலியைக் கொடுத்தோம். உங்கள் வீட்டில் அந்தச் சுவிச்சின் மேல் தமிழில் எழுதி ஒட்டி விடுங்கள்.

பிறகு பில்ரர், அதாவது பேர்னஸுக்குள் போகும் காற்றின் தூசியைப் பிடிக்கும் வடி. பேர்னஸ் நிற்பதற்கு நான் கண்ட காரணங்களில் இதுதான் முதலிடம். இங்கே சூடடிப்புக் காலத்தில் உழவு இயந்திரத்தின் எயர் கிளீனரைத் தட்டாமல் விட்டால் இயந்திரம் எப்படி மூச்சு முட்டும் என்று வன்னியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பேர்னஸும் அப்படித்தான். பில்ரர் தூசியால் அடைத்தால் காற்று ஓடாது, இரும்பு அறை அளவுக்கு மிஞ்சிச் சூடாகும், பாதுகாப்புச் சுவிச்சு நெருப்பை அணைக்கும். ஆறியதும் திரும்ப எரியும், திரும்ப அணையும். பில்ரரை வெளியே இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். ஒளி தெரியாமல் சாம்பல் நிறப் போர்வைபோல் தூசி படிந்திருந்தால் மாற்றுங்கள். ஓரத்தில் அளவு அச்சிட்டிருக்கும், 16க்கு 25க்கு 1 அங்குலம் என்பதுபோல. அதே அளவை வாங்குங்கள். விளிம்பில் உள்ள அம்புக்குறி பேர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு அங்குலப் பில்ரரை ஒன்றில் இருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள். கறி தாளித்துச் சமைக்கிற நம் வீடுகளில் மாதம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது.

இப்போதைய பேர்னஸ்களில் புகைக்குழாய் கூரைக்குப் போகாமல், பெரும்பாலும் பக்கச் சுவரால் பிளாஸ்ரிக் குழாயாக வெளியே வரும். பனி கொட்டிய இரவுக்கு அடுத்த நாள் காலை முதலில் அங்கே போங்கள். முழங்கால் அளவு பனி சுவரோடு சாய்ந்து குழாய் வாயை மூடியிருக்கும். சவளால் குத்தாமல் கையுறை போட்ட கையால் தோண்டி எடுங்கள், குழாய் உடையக் கூடாது. வாய் திறந்ததும், உள்ளே பேர்னஸ் ஓடிக்கொண்டிருந்தால், வெண்ணிற ஆவி மெல்ல வெளிவரும். புகை போகும் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இவற்றைப் பார்த்தும் சரிவராவிட்டால் திருத்துநரைக் கூப்பிடுங்கள். நெருப்புப் பற்றிச் சில விநாடியில் அணைந்தால் பெரும்பாலும் சுடரை உணரும் கம்பியில் அழுக்குப் படிந்திருக்கும். சின்ன வேலைதான், ஆனால் காஸ் இயந்திரத்துக்குள் நீங்கள் கை வைக்க வேண்டாம். அடியில் தண்ணீர் தேங்குவது, பற்றும்போது 'டமார்' என்று வெடிப்பது, இரும்பு உரசும் சத்தம், பிறேக்கர் திரும்பத் திரும்ப விழுவது எல்லாம் ஆளைக் கூப்பிட வேண்டிய பழுதுகள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் பேர்னஸை அணைத்துவிட்டு அன்றைக்கே கூப்பிடுங்கள். வெளியே மைனஸ் 20 இருக்கும்போது வீட்டை நாள்கணக்கில் சூடில்லாமல் விட்டால் தண்ணீர்க்குழாய் உறைந்து வெடிக்கும். காத்திருக்கும் நேரத்தில் பைப்பைச் சொட்டுச் சொட்டாக ஓட விடுங்கள். சூட்டுக்காகக் கரி அடுப்பையோ சமையல் காஸ் அடுப்பையோ மூட்டவே வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அழுகிய முட்டை மணம் வந்தால் அது காஸ் கசிவு. சுவிச்சைத் தொடாமல், உள்ளே நின்று போன் பேசாமல் எல்லாரும் வெளியே போய், அங்கிருந்து அவசர உதவி எண்ணான 911 ஐ அழையுங்கள். காபன் மொனொக்சைட் அலாரம் அடித்தாலும் அதேதான். வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத் தலையிடி, வாந்தி, தலைச்சுற்று வந்து, வெளியே போனதும் குறைந்தால், அலாரம் அடிக்காவிட்டாலும் திரும்ப உள்ளே போகாதீர்கள். 2008 இல், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் வூட்ஸ்ரொக் நகரில், எரிவாயுக் கணப்பின் (குளிர்காயும் அடுப்பின்) புகைவழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், 2013 இல், இந்த அலாரம் வீடுகளில் இருக்க வேண்டும் என்று அந்த மாகாணம் சட்டம் கொண்டுவந்தது. படுக்கையறைகளுக்குக் கிட்ட இருக்கிறதா என்று போன அன்றே பாருங்கள், பொத்தானை அழுத்திச் சத்தம் கேளுங்கள்.

ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்பவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், கேட்டால் காட்டுவார். கதவைத் தட்டி "உங்கள் பேர்னஸ் பழசு, மாற்றித் தருகிறோம்" என்று வருபவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள். கூப்பிடாமல் வீடு வீடாக வந்து பேர்னஸ் விற்பதை 2018 மார்ச்சில் இருந்து அந்த மாகாணம் தடை செய்திருக்கிறது. வாடகை வீட்டில் இருந்தால் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. தேர்மோஸ்டற்றைப் படமெடுத்து, நேரத்தோடு எழுத்தில் அனுப்புங்கள். அவர் அசையாவிட்டால் ரொறன்ரோவில் நகரசபையின் எண்ணான 311 ஐ அழைக்கலாம். சொந்தக்காரர் வீட்டுப் பேஸ்மென்ட்டில் இருக்கிறோமே, எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுக் குளிரில் கிடக்காதீர்கள்.

வீட்டுக்குள் போன முதல் நாளே நாலு படம் எடுத்துப் போனில் வையுங்கள்: பேர்னஸின் சுவிச்சு, பில்ரரின் அளவு, சுவருக்கு வெளியே உள்ள குழாய், அலாரம். அக்காவின் மகனிடம் அந்த நாலையும் எனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.