கத்திரி வெயிலில் பழைய மடிக்கணினி சூடேறாமல் இருக்க

கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை வீடுகளின் அறைக்காற்றே அனலாக இருக்கும்போது, ஆறேழு ஆண்டுகள் உழைத்த மடிக்கணினியின் விசிறி அந்தக் காற்றைக் கொண்டே செயலியை (பிராசசரை) குளிர்விக்க வேண்டியிருப்பதால், முதலில் காற்று செல்லும் வழியைச் சீராக்க வேண்டும். மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் அடிப்பக்கத் துளைகள் அடைபடும். பத்தமடைப் பாயில் அமர்ந்து வேலை செய்பவர்களும் கணினியைப் பலகைமேல் வைத்து, பின்புறத்தை இரண்டு விரற்கடை உயர்த்துவது நல்லது.

பெரும்பாலும் குற்றவாளி தூசிதான். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் பேட்டரியின் இணைப்பை நீக்குங்கள். பின்னர் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் உலோகத் தகடுகளுக்கும் இடையே கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியை மென்மையான தூரிகையால் எடுக்க வேண்டும். அந்தப் படலம் இருக்கும்வரை வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் வீண்.

அதன் பின்னும் சூடு தணியாவிட்டால், செயலிமேல் உள்ள, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிறுபயறளவு புதியதை இடுங்கள். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைப் பழுதுபார்ப்பவரிடம் விடலாம்.

டச்பேட் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அத்தகைய கணினியைச் சார்ஜில் போடாமல், பேட்டரியை உடனே மாற்றச் செய்யுங்கள்.