பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைத் தலைமை அலுவலகமாக்குவது எப்படி?

சென்னையில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் மூன்று மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றை உங்கள் நிறுவனம் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் ரிசப்ஷன் டிசைனைத்தான் பேசுவார்கள். அதைக் கடைசியில் பேசலாம். வேலைகளின் வரிசை சரியாக இருந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

படி 1: காகிதங்கள்

வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் கார் நிறுத்துமிடம் என்று இருக்கும். நேரில் அங்கே சுவர் எழுப்பி குடோன் ஆக்கியிருப்பார்கள். மொட்டை மாடியில் தகர ஷெட் முளைத்திருக்கும். இதையெல்லாம் விலை பேசும்போதே மேஜையில் வைத்துவிடுங்கள்.

படி 2: தூணும் பீமும்

இங்கே அவசரம் வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். மேஸ்திரியின் கண் மட்டும் போதாது. பீமின் அடியில் நீளவாக்கில் ஓடும் விரிசலும், தட்டினால் 'டொப்'பென்று வெற்றுச் சத்தம் தரும் பூச்சும், உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பதற்கான அடையாளங்கள்.

ஒரு சோதனையை அவசியம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். தூணில் சின்னத் துளை போட்டு, தூசியை ஊதிவிட்டு, காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நல்ல கான்கிரீட் சட்டென்று அடர்ந்த ரோஜா நிறமாகும். நிறம் மாறாத பகுதியில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பிக்குக் காவல் இல்லை. ஈரம் பட்டால் துருதான். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே புதுப் பூச்சு போட்டு மறைத்தால் சில மழைக்காலம்கூடத் தாங்காது. தளர்ந்ததை உடைத்து, கம்பியின் பின்பக்கம் வரை திறந்து, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சும் பாலிமர் கலவையும் போட வேண்டும்.

தளம் தாங்கும் சுமையையும் கேளுங்கள். சாமான்களுக்குத் தனி அறை உள்ள அலுவலகத் தளத்துக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. யு.பி.எஸ் பேட்டரிகளையும் ஃபைல் ரேக்குகளையும் ஒரே மூலையில் அடுக்கினால் சுமை அந்த அளவைத் தாண்டிவிடும். அவற்றைத் தரைத்தளத்தில் வையுங்கள்.

படி 3: மொட்டை மாடி

ஐப்பசி மழைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் ஆனதும் குழாய் வாயை அடைத்து, சில அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். ஈரத்திட்டு தெரிந்தால் கான்ட்ராக்டருக்குப் பாக்கிப் பணம் தராதீர்கள்.

படி 4: ஒயரும் குழாயும்

பழைய ஒயரிங்கை ஒட்டுப்போட வேண்டாம். முழுவதும் உருவி எறியுங்கள். ஃபேனும் டியூப்லைட்டும் எரிவதற்காக வாங்கிய லோடு, இன்றைய ஏ.சி.க்குப் போதாது. மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு முதல் வாரமே விண்ணப்பியுங்கள். லிஃப்ட் உரிமம் நடப்பில் இருக்கிறதா, மாடிப்படி தீ விபத்தில் ஆள் இறங்கும்படி அடைப்பில்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழிவறைகளை இடம் மாற்றும் ஆசை வரும். பழைய குழாய்ப் பாதையை ஒட்டியே வைத்தால் கசிவுத் தொல்லை குறையும்.

படி 5: உள் அலங்காரம்

பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங், பெயின்ட் எல்லாம் இப்போது. வாசலில் சாய்தளம் மட்டும் மறக்க வேண்டாம். சரிவு 1:12 என்றால், 45 செ.மீ. உயர வாசலுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். டைல்ஸ் போட்ட பிறகு அந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது.

படி 6: முகவரி மாற்றம்

கம்பெனியின் பதிவு செய்யப்பட்ட அலுவலகமும் இங்கேதான் என்றால், மாறிய 30 நாளுக்குள் ஐ.என்.சி 22 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் மாற்ற 15 நாள்தான். பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்கட்டும், அதுவும் விதிதான். ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தைச் சரிபாருங்கள், அப்புறம் மாட்டச் சொல்லுங்கள்.