ஓடி முடித்த பிறகு சுவருக்கு வாருங்கள்

புதுச்சேரி பீச் ரோட்டில் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். அதனால் விடிவதற்குள்ளேயே கூட்டம் சேர்ந்துவிடும். அதில் பலர் வந்ததும் வராததுமாகக் கடலோரக் குட்டைச்சுவரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியால் முட்டியைத் தொடப் பார்ப்பார்கள். பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வராது. அசையாமல் இழுத்துப் பிடிக்கும் அந்த ஸ்ட்ரெச்சிங்கை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், கொஞ்ச நேரத்துக்கு அதன் வலுவும் வேகமும் சற்றுக் குறையும். நடக்க வருபவருக்கு அது தெரியவே தெரியாது. நீளம் தாண்டும் பையன் என்றால் மணலில் அளக்கும்போது தெரிந்துவிடும். இருபது விநாடி பிடித்தால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் வார்ம் அப் அது ஆகாது. அதற்குக் காந்தி சிலையிலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை வேகமாக நடந்தாலே போதும். அப்புறம் சுவரைப் பிடித்து ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பத்து தடவை வீசுங்கள். முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் தூக்கிக் கொஞ்ச தூரம் போங்கள். சரி, இனி ஓடலாம்.

ஓடி முடித்ததும் தொப்பென்று உட்காராதீர்கள். மூச்சு நிதானத்துக்கு வரும்வரை நடந்துவிட்டுச் சுவருக்கு வாருங்கள்.

முதலில் கெண்டைக்கால். சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழவே கூடாது, பாதம் நேராக முன்னால் பார்க்க வேண்டும். முட்டி நேராக இருந்தால் மேலே உள்ள பெரிய தசை இழுபடும். அதே நிலையில் முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசைக்குப் போகும். இந்த இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது தொடையின் பின்பக்கம். கூத்தெல்லாம் இங்கேதான். நெற்றியை முட்டிக்குக் கொண்டுபோனால் வளைவது முதுகு, தொடைக்கு ஒன்றும் கிடைக்காது. முதுகை நிமிர்த்தி, இடுப்பிலிருந்து மட்டும் முன்னால் சாயுங்கள். முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். நாலு விரற்கடை சாய்ந்ததுமே இழுப்பு தெரிந்தால் அதுவே உங்கள் எல்லை. சேலையில் வரும் அம்மாக்கள் சுவரில் கால் போட வேண்டியதில்லை. சுவரின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் ஊன்றி, அப்படியே முன்னால் சாய்ந்தால் அதே பலன்.

முன்தொடைக்கு, நின்றபடி கணுக்காலைப் பிடித்துக் குதிகாலைப் பின்னால் கொண்டுவாருங்கள். இரண்டு முட்டியும் பக்கம் பக்கமாக இருக்கட்டும்.

ஒவ்வொன்றையும் 30 விநாடி பிடித்து, பக்கத்துக்கு இரண்டு தடவை செய்தால் போதும். வயதானவர்கள் ஒரு நிமிடம் வரை பிடிக்கலாம். குலுக்கிக் குலுக்கி இழுக்காதீர்கள், மூச்சை அடக்காதீர்கள். இழுப்பு தெரியலாம், வலி தெரியக் கூடாது. சுரீரென்றாலோ மரத்துப் போனாலோ காலை இறக்கிவிடுங்கள். தசை பிடித்துக்கொண்ட அன்றைக்கு அதையே இழுத்துச் சரிபண்ணப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது தொடர்ந்து செய்தால் சில வாரங்களில் கால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். தசை நீண்டுவிட்டது என்பதைவிட, அந்த இழுப்பு உடம்புக்குப் பழகிவிட்டது என்பதே பெரும்பகுதி.

ஸ்ட்ரெச்சிங் செய்தால் மறுநாள் கால்வலி வராது என்பார்கள். வரும். அந்த ஆசையில் இதைச் செய்ய வேண்டாம்.

மழை நாளில் வீட்டிலேயே கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு பாயில் மல்லாந்து படுங்கள். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, இரண்டு முனையையும் பிடித்துக் காலை மெல்லத் தூக்குங்கள். முதுகு தரையிலேயே இருப்பதால் இடுப்புவலிக்காரர்கள் பலருக்கும் சுவரைவிட இதுதான் தோதுப்படும்.