அல்சருக்குத் தாவரச் சேர்மம்: ஆய்வகத்தில் சறுக்கும் இடங்கள்

அல்சருக்கு (இரைப்பைப் புண்ணுக்கு) தாவரச் சாற்றை எலியில் சோதிக்கும் ஆய்வில் எடையைத் தப்பாகக் குறிப்பது, குப்பியில் பெயர் ஒட்டாமல் விடுவது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். ஆய்வேடு பைண்டிங்குக்குப் போன பிறகும் யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கிற தவறுகள் வேறு.

தடுத்ததைக் குணமாக்கியதாக எழுதுவது

எலியை 24 மணி நேரம் பட்டினி போட்டு, சாற்றை வாய்வழியே கொடுத்து, அரை மணியோ ஒரு மணியோ கழித்துக் கலப்பில்லாத எத்தனால், கிலோவுக்கு 5 மி.லி. இன்னொரு மணி நேரத்தில் இரைப்பையை எடுத்துப் பெரிய வளைவோரம் வெட்டி விரித்தால், சாறு கொடுக்காத கண்ட்ரோல் எலியின் இரைப்பைச் சுரப்பிப் பகுதியில் நீளவாக்கில் கருஞ்சிவப்புப் பட்டைகள் ஓடும். சாறு குடித்த எலியில் அதே இடம் இளஞ்சிவப்பாக இருக்கும். உடனே 'அல்சரைக் குணப்படுத்துகிறது' என்று தலைப்பு விழுகிறது. புண் வருமுன்பே கொடுத்தது எந்தப் புண்ணை ஆற்றியதாம்?

பாதுகாத்தது என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். 20% எத்தனால் போன்ற மெல்லிய எரிச்சலூட்டியை முதலில் கொடுத்தாலே இரைப்பை தன் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, அடுத்து வரும் கடும் எத்தனாலைத் தாங்கிக்கொள்ளும் என்று ஆண்ட்ரே ராபர்ட் குழு 1983-லேயே காட்டிவிட்டது. டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த சாறும் இரைப்பையை லேசாக உறுத்தியே நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். கொழகொழப்பான சாறு வெறும் பூச்சாகப் படிந்தும் காத்திருக்கலாம். அதனால் எத்தனால் இல்லாமல் சாற்றை மட்டும் குடித்த குழு ஒன்று வேண்டும்; அதன் திசுவை வெட்டிப் பார்க்க வேண்டும். தூய சேர்மம் கையில் இருந்தால் இரைப்பைக்கு வெளியே, வயிற்றறைக்குள் ஊசியாகவும் போடுங்கள். வாய்வழி காத்தது ஊசியில் காக்கவில்லை என்றால் முதலில் பூச்சையும் உறுத்தலையும் சந்தேகியுங்கள்.

ஆற்றுகிறதா என்று தெரிய இரைப்பைச் சுவரில் அசெட்டிக் அமிலத்தால் புண் உண்டாக்கும் முறைக்குப் போக வேண்டும். புண் உண்டான பிறகு மருந்தைத் தொடங்கி ஒன்றிரண்டு வாரம் கொடுத்துப் பரப்பளவை அளப்பது. இங்கும் ஒரு குழி உண்டு: அந்தப் புண் தானாகவே ஆறும். மருந்து தொடங்கும் நாளிலேயே ஒரு குழுவின் புண்ணை அளந்து வைக்காவிட்டால், எங்கிருந்து எவ்வளவு ஆறியது என்று சொல்ல வழியில்லை.

கரைப்பான்

சாற்றைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு), திசுவைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடித்துத் தானே இரைப்பையைக் காக்கும். கண்ட்ரோலுக்கு வெறும் தண்ணீரும் சாற்றுக்கு டி.எம்.எஸ்.ஓ.வும் கொடுத்தால் சோதிக்கப்பட்டது கரைப்பான்தான். 0.5% சி.எம்.சி.யில் (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கரைசலில்) கலக்கி, அதையே எல்லாக் குழுவுக்கும் கொடுங்கள்.

ஒமிப்ரசோலைத் தண்ணீரில் கலப்பது

அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல்தான் வழக்கமான ஒப்பீட்டு மருந்து. மாத்திரைக்குள் இருக்கும் ஒமிப்ரசோலுக்கு அமிலம் தாங்கும் உறை எதற்குப் போடுகிறார்கள்? உறையில்லாத தூள் இரைப்பை அமிலத்திலேயே சிதைந்துவிடும். ஒப்பீட்டு மருந்தை இப்படி முடமாக்கிவிட்டு 'எங்கள் சாறு ஒமிப்ரசோலுக்கு நிகர்' என்றால் எப்படி? சோடியம் பைகார்பனேட் கரைசலில் கொடுக்க வேண்டும். பைகார்பனேட்டும் அமிலத்தை முறிக்கும். ஆகவே அது மட்டும் குடித்த குழு ஒன்றும் தேவை.

பைலோரஸ் கட்டும்போது

இரைப்பையின் வெளிவாயான பைலோரஸைக் கட்டி, தேங்கும் அமிலத்தை அளக்கும் சோதனையில் மருந்தை முன்சிறுகுடலுக்குள் செலுத்துங்கள். வாய்வழி கொடுத்தால் அது கட்டிய இரைப்பையிலேயே தேங்கி, அளவு, அமிலம் இரண்டு கணக்கையும் கெடுக்கும்.

கூண்டுத் தரை

கம்பி வலையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலி தன் புழுக்கையைத் தின்னும். அப்புறம் என்ன பட்டினி?

டோஸ்

கிலோவுக்கு 400 மி.கி. என்ற எலி அளவை மனித அளவாக்க 6.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.9 கிராம் சாறு. விழுங்க முடிகிற அளவா என்பதை முதல் நாளே கணக்கிடலாம்.

தாவரம் என்பதால் நச்சுச் சோதனையை விடுவது

அதிமதுரத்தின் கிளிசிரெட்டினிக் அமிலத்திலிருந்து வந்த கார்பெனாக்சலோன் இரைப்பைப் புண்ணை உண்மையாகவே ஆற்றியது. கூடவே கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியையும் தடுத்தது: உடலில் உப்பும் நீரும் தேங்கின, ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. 14 நாள் மருந்து கொடுத்த எலியின் ரத்தம் எப்படியும் கையில் இருக்கும். சோடியம், பொட்டாசியம் பார்க்க அரை மி.லி. சீரம் தாராளம்.