கம்பெனி தரும் ஒப்பந்தத்தை எங்கிருந்து படிப்பது?

மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறீர்கள், சென்னை சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்று மாதாமாதம் சரக்கு கேட்கிறது, கூடவே இருபது பக்க இங்கிலீஷ் ஒப்பந்தமும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். பணம் பற்றிய பக்கத்தைத் தேடி எடுங்கள்.

முதல் படி, பேமெண்ட் ஷரத்து. எத்தனை நாள் என்று எல்லாரும் பார்ப்பார்கள், எந்த நாளிலிருந்து என்பதைத்தான் விட்டுவிடுவார்கள். '45 நாட்கள், எங்கள் தரப் பிரிவு ஒப்புதல் தந்த தேதியிலிருந்து' என்று இருந்தால், ஒப்புதல் வரும்வரை கணக்கே தொடங்காது. 'டெலிவரி தேதியிலிருந்து' என்று மாற்றச் சொல்லுங்கள். உதயம் (Udyam, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006 எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் துணை நிற்கிறது: எழுத்தில் ஒத்துக்கொண்டாலும் கெடு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது, எதுவும் எழுதாவிட்டால் 15 நாள்தான். சரக்கு கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் டெலிவரி நாளே ஏற்றுக்கொண்ட நாள். இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது கிடையாது, பதிவு இருந்தாலும்.)

அப்புறம் ரிஜெக்‌ஷன். 'திருப்தி இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம்' என்று மொட்டையாக விடாதீர்கள். பாக்கெட் எடை, ஈரப்பதம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், திரும்பி வரும் லாரி வாடகை யார் தலையில், எல்லாம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். குடோனில் கிடந்து நமத்துப்போன சிப்ஸை யாரிடம் விற்பீர்கள்?

தாமத அபராதம் எவ்வளவு எழுதியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கோர்ட் தரும். சரி, ஆனால் கம்பெனி ஏன் கோர்ட்டுக்குப் போகிறது? பில்லிலேயே கழித்துக்கொள்ளும். அதனால் உச்சவரம்பு கேளுங்கள்.

வழக்கு 'சென்னை நீதிமன்றத்தில் மட்டும்' என்று இருந்தால் நாகர்கோவிலில் போடுவது கஷ்டம். மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் மசியாது. இதற்காகத்தான் சரக்கு அனுப்பும் முன்பே உதயம் பதிவை முடிக்கச் சொல்கிறேன், பாக்கிக்கு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி அமைந்த தமிழ்நாட்டு மன்றத்திலேயே மனுப் போடலாம், ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பது) ஷரத்து இருந்தாலும் தடையில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கடைசிப் பக்கங்களில் 'இந்த ஒப்பந்தமே முழுமையானது' என்று ஒரு வரி இருக்கும். பர்ச்சேஸ் மேனேஜர் போனில் தந்த வாக்கெல்லாம் அதோடு போச்சு. பேசிய மாற்றங்கள் தாளில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.