பழைய வில்லனை யாரோ ஆட்டிவைத்ததாக எழுதாதீர்கள்: எக்ஸ்பான்ஷன் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம்களுக்குக் கதை எழுத வருகிற புதியவர்களின் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் இப்போது என் வேலையில் ஒரு பகுதி. நீளமான வசனம், தட்டையான துணைப் பாத்திரங்கள் எல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேமுக்கு எக்ஸ்பான்ஷன், அதாவது கதையை நீட்டும் கூடுதல் பாகம், எழுதும்போது நான் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். உதாரணத்துக்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமின் ஷேடோலாண்ட்ஸ் எக்ஸ்பான்ஷன் போதும். 2020 நவம்பரில் வந்தது. மரணத்துக்குப் பின் இருக்கும் உலகத்துக்கே நம்மைக் கூட்டிக்கொண்டு போன கதை அது. அவ்வளவு பெரிய வாய்ப்பு வீணாய்ப் போனதே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பழைய வில்லனின் முடிவுகளைப் பறிப்பது

சமீபத்தில் ஒரு வரைவு வந்தது. முதல் பாகத்தில் தம்பியைக் கொன்று அரியணை ஏறிய ராணி, மூன்றாம் பாகத்தில் ஒரு பாதாள தெய்வத்தின் கைப்பாவையாக இருந்தாளாம். எழுதியவர் அதைப் பெரிய திருப்பமாக நினைத்திருந்தார். எனக்கு உடனே ஆர்தஸ் ஞாபகம்தான் வந்தது.

அதே தொடரில் 2002இல் வந்த முந்தைய கேமான வார்கிராஃப்ட் 3ஐ ஆடியவர்களுக்கு ஸ்ட்ராத்தோம் நகரம் மறக்காது. கொள்ளைநோய் கலந்த தானியத்தைத் தின்ற மக்கள் நடைபிணங்களாக மாறப்போகிறார்கள். மாறுவதற்குள் எல்லோரையும் கொன்றுவிடலாம் என்கிறான் இளவரசன் ஆர்தஸ். குருவான ஊதர் மறுக்கிறார். அவன் ஒருகாலத்தில் காதலித்த ஜெய்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். அவன் நிற்கிறான். வீடு வீடாகப் போய் வெட்டுவது யார்? மவுஸைப் பிடித்திருக்கும் நாம்தான். அந்தக் குற்றவுணர்வுதான் அவனை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தது.

ஷேடோலாண்ட்ஸ் என்ன செய்தது? ஜெய்லர் என்று அதுவரை யாரும் கேள்விப்படாத ஒருவனைக் கொண்டுவந்து, பின்னாளில் லிச் கிங் என்ற நடைபிணங்களின் அரசனாக மாறிய ஆர்தஸின் வாள், தலைக்கவசம் எல்லாமே இந்த ஜெய்லருடைய திட்டத்தில் ஒரு பகுதி என்றது. புது வில்லன் இதனால் ஒரு அங்குலம்கூட வளரவில்லை. பழையவன் சுருங்கினான், அவ்வளவுதான். 2022இல் வந்த 9.2 பேட்ச்சில் (எக்ஸ்பான்ஷனுக்கு இடையில் வரும் அப்டேட்) ஆர்தஸின் ஆன்மாவில் மிஞ்சியது ஒரு சின்ன நீல ஒளி. சுற்றி ஊதர், ஜெய்னா, அவன் கையால் செத்து ஆவியாக எழுப்பப்பட்ட எல்ஃப் தளபதி சில்வானஸ். சில்வானஸ் சில வரிகள் பேசுகிறாள், ஒளி மறைந்துவிடுகிறது. ஸ்ட்ராத்தோமில் அவனை விட்டுப் போன இருவரும் எதிரே நிற்கிறார்கள். அவர்களிடம் சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தைகூடத் தரவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

புது வில்லனுக்குப் பலம் வேண்டுமானால் அவன் நம் கண்முன்னால் செய்கிற காரியத்திலிருந்து வரட்டும். இதே எக்ஸ்பான்ஷனில் டெனாத்ரியஸ் என்ற ஆட்சியாளன் இருக்கிறானே! அவனும் புதியவன்தான். முதலில் நம்மை வரவேற்கிறான். அப்புறம் பார்த்தால், தன் மக்கள் அனிமா என்ற உயிர்ச்சக்தி இல்லாமல் வாட, அவன் மட்டும் பதுக்கி வைத்திருக்கிறான். இரண்டே மாதத்தில் எல்லோருக்கும் பிடித்த வில்லனாகிவிட்டான். அவன் மேல் நமக்கிருந்த கோபம் அந்த ஊரில் நாம் பார்த்ததிலிருந்தே வந்தது.

அந்த ராணி கதையை எழுதியவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: தெய்வத்தை எடுத்துவிட்டால் தம்பியைக் கொன்றதற்கு ராணியிடம் சொந்தக் காரணம் இருக்கிறதா? இருந்தது, அதுவும் நல்ல காரணம். தெய்வத்தை வெட்டிவிட்டோம்.

நோக்கத்தை ஒளித்து வைப்பது

ஹோர்ட் என்ற அணிக்குத் தலைவியாக இருந்த சில்வானஸ், 2018இல் எதிரணியின் டெல்ட்ராசில் மரநகரை எரித்தாள். உண்மையில் யாருக்காக, எதற்காக எரித்தாள் என்பது பல பேட்ச்களுக்கு மர்மமாகவே இழுபட்டது. அவள் பக்கம் நின்று அந்தப் போரில் சண்டை போட்ட ஹோர்ட் ஆட்டக்காரர்கள், தாங்கள் எதற்குத் துணைபோனோம் என்றே தெரியாமல் தவித்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதை மறைத்து வையுங்கள். ஆட்டக்காரர் கையாலேயே ஒரு பாவத்தைச் செய்ய வைக்கிறீர்களா? அப்படியானால் காரணத்தை அப்போதே சொல்லிவிடுங்கள். வருடக்கணக்கில் காத்திருந்து கிடைக்கிற விடை பெரும்பாலும் அந்தக் காத்திருப்புக்கு ஈடாகாது.

கேமுக்கு வெளியே கதை சொல்வது

சில்வானஸின் மனதை முழுதாகப் புரிந்துகொள்ள 2022இல் தனியாக ஒரு நாவல் வந்தது. கேமை வாங்கியவருக்குக் கேமுக்குள்ளேயே புரிய வேண்டும்.

பிரபஞ்சமே அழியும் என்று மிரட்டுவது

ஒரு ஊர் போதும். ஷேடோலாண்ட்ஸின் ஒரு பகுதியான ஆர்டன்வீல்டில் ஒரே ஒரு டிராகனின் ஆன்மா பிழைக்குமா என்று நெஞ்சு பதறியது. ஜெய்லர் எல்லா உலகங்களையும் மாற்றி எழுதப்போகிறேன் என்றபோது அந்தப் பதற்றம் வரவில்லை.

சாகிற வில்லன் வாயால் அடுத்த ஆபத்தை அறிவிப்பது

ஜெய்லர் அதைச் செய்துவிட்டுத்தான் செத்தான். நீங்கள் செய்ய வேண்டாம்.