கார்பன் ஸ்டீல் கத்தியை நாமளே கெடுக்குற விதங்கள்

கேம்ப், ட்ரெக்கிங்னு போறவங்க வாங்குற கார்பன் ஸ்டீல் கத்தி நிறைய, வேலை செஞ்சு கெடுறதில்ல. டெஸ்ட் பண்றேன், பராமரிக்கிறேன்னு சொல்லித்தான் அதை கெடுக்குறாங்க. நானும் ஒண்ணை அப்படி நாசம் பண்ணவன்தான்.

முதல் தப்பு, வந்த அன்னிக்கே ஆணிய வெட்டிப் பாக்குறது, மரத்துல எறிஞ்சு பாக்குறது. மரம் சீவ மெல்லிசா தீட்டுன வாய் அது, ஆணி மேல விழுந்தா பொக்கை விழாம என்ன பண்ணும்? அதுல தெரியுறது ஆணியோட பலம்தான். நீங்க அந்த கத்தில என்ன வேலை செய்யப் போறீங்களோ அதையே செஞ்சு பாருங்க: முதல்ல ஒரு பேப்பரை வெட்டுங்க, அப்புறம் காய்ஞ்ச கட்டைய ஒரு பத்து நிமிஷம் சுருள் சுருளா சீவுங்க, திரும்ப அதே பேப்பரை வெட்டுங்க. எங்க மாட்டிக் கிழியுதோ அங்க வாய் மடங்கியிருக்கு, இல்ல பொடிஞ்சிருக்கு. ஆனா இதை வச்சு உடனே தீர்ப்பு சொல்லிடாதீங்க, ஏன்னா ஃபேக்டரில பெல்ட்ல தீட்டும்போது வாயோட நுனி மட்டும் சூடேறி பதம் இறங்கியிருக்கலாம், நீங்க கையால ரெண்டு மூணு தடவை தீட்டுன பிறகு அதே கத்தி வேற மாதிரி நிக்கும்.

அரம் வச்சு உரசிப் பாத்து "அரம் பிடிக்குது, மட்டமான ஸ்டீல்"னு சொல்றவங்களும் உண்டு. நல்ல அரம் ராக்வெல் கணக்குல (ஸ்டீலோட கடினத்தை அளக்குற அளவு) 62க்கு மேல இருக்கும், வெளி வேலைக்கான கத்திய பொதுவா 56ல இருந்து 60க்குள்ள பதம் போடுவாங்க, அப்ப அரம் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். அரம் வழுக்கணும்ங்கிறது, பழுக்கக் காய்ச்சி சட்டுனு குளிர வைக்கிற தோய்ச்சல் முடிஞ்ச உடனே, திரும்ப சூடாக்கி பதப்படுத்துறதுக்கு முன்னாடி, கத்தி செய்யுறவர் பாக்குற சோதனை. முடிஞ்ச கத்திக்குன்னா பித்தளைக் கம்பி டெஸ்ட் இருக்கு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, தீட்டுற கோணத்துல வாயை கம்பி மேல வச்சு லேசா அழுத்துங்க. வளைஞ்சு திரும்பி வந்தா நல்லது, வளைஞ்சே நின்னா ரொம்ப மென்மை, பொடிஞ்சா ரொம்ப கடினம்.

கட்டை பிளக்குறதுல கத்தி மேல சுத்தியலாலயும் கல்லாலயும் அடிக்காதீங்க, மரக்கட்டை போதும். கணு இருக்குற கட்டைய தொடவே வேண்டாம்.

இனி சூடு. என் கத்தி போனது இதுலதான். கைல தீட்ட சோம்பேறித்தனப்பட்டு பெஞ்ச் கிரைண்டர்ல வச்சேன், முனைல நீலம் ஓடுச்சு, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. நீலம் வந்துச்சுன்னா 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம், 1095ங்கிற கார்பன் ஸ்டீல் ரகம் மாதிரி ஸ்டீலை பதப்படுத்துறதே சுமார் 200 டிகிரிலதான். அந்த இடம் மெத்துனு ஆயிடும், எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிக்காது, அவ்வளவையும் தேய்ச்சு எடுத்தாத்தான் உண்டு. கேம்ப் நெருப்பைக் கத்தியால கிளறுறதும் இதே கதைதான். தண்ணிக்கல்லுல சுமார் 20 டிகிரி கோணத்துல பொறுமையா தீட்டுங்க, மறுபக்கம் பிசிர் (வாய் ஓரத்துல மடங்கி நிக்கிற மெல்லிய உலோக விளிம்பு) தட்டுதா பாத்துட்டு பக்கம் மாத்துங்க, கடைசில அந்த பிசிரை தோல் வார்ல இழுத்து எடுங்க. ஸ்காண்டி கிரைண்டுன்னா (வாய் வரைக்கும் ஒரே அகல சரிவா இறங்குற கத்தி) கோணம் தேட வேண்டாம், அகல சரிவை அப்படியே கல்லுல படுக்க வச்சா போதும்.

துருவைப் பத்தி ரெண்டு எதிரெதிர் தப்பு நடக்குது. 1095ல கார்பன் 0.95 சதவீதம் போல இருக்கும், குரோமியம் பேருக்குக்கூட கிடையாது. ஸ்டெயின்லெஸ்னு பேர் வாங்கவே குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் வேணும், அதனால இது நிறம் மாறும், மாறட்டும். வெங்காயம், தக்காளி நறுக்கினா வர்ற சாம்பல் நீலப் படலத்தை துருன்னு நினைச்சு பளபளன்னு தேய்ச்சு எடுக்குறாங்க, அது துருவை கொஞ்சம் தள்ளிப்போடுற படலம், விட்டுடுங்க. கைல ஒட்டுற செம்மஞ்சள் துருவைத்தான் எண்ணெய் போட்டு மெல்லிசான நார்ல எடுக்கணும். இன்னொரு கூட்டம் அதையும் "படலம்தான்"னு விட்டு வைக்கும், அது உள்ள குழி தோண்டிட்டே போகும்.

தோல் உறைல போட்டு மாசக்கணக்குல வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், பதனிட்ட தோல்ல இருக்குற அமிலமும் உப்பும் சேர்ந்துக்கும். துடைச்சு, காய விட்டு, எண்ணெய் தடவி உறைக்கு வெளிய வைங்க. சமையல் எண்ணெய் தடவினா நாள்பட பிசுபிசுன்னு ஆகி நாத்தம் அடிக்கும், உணவுக்கு ஏத்த மினரல் ஆயில் ரெண்டு சொட்டு போதும். கருப்பு கோட்டிங் இருக்கே, துரு வராதுன்னு நம்பாதீங்க, தீட்டுன வாய்ல கோட்டிங் கிடையாது, துரு அங்கதான் ஆரம்பிக்கும். பிடியோட ரெண்டு பக்கத் தகடும் ஸ்க்ரூ போட்டதுன்னா மழைல நனைஞ்ச பிறகு கழட்டிப் பாருங்க, உள்ள தண்ணி நிக்கும்.